புள்ளியையும் சேர்த்து வாசிங்க

பூட்டுக்காரர் வீடு என் தையல் கடைக்கு நேர் மேலே இருக்கிறது. அவர்கள் சமையலறையில் கரண்டி விழுந்தால் இங்கே என் ஊசி கோணலாக இறங்கும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தளத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்காமல் இருக்க வேண்டுமானால் காதில் பஞ்சுதான் அடைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டுக்காரர் என்றால் பூட்டு விற்கிறவர் இல்லை. தெருக்கோடி அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். மருந்துக் கம்பெனிகளுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும், பெட்டிக்குள் சின்னதாக மடித்துச் செருகும் தாளும் அடித்துக் கொடுக்கிற அச்சகம் அது. அந்தத் தாளை நம்மில் யாரும் படிப்பதில்லை. ஒருதரம் பிரித்தால் மறுபடி மடிக்க வராது என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அதில் இருக்கும் எறும்பு எழுத்தை வரிவரியாகச் சரிபார்க்கிறவள் அவர் மனைவி. அச்சகத்தில் அவளைப் புள்ளியக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கே ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நான் தைத்த சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனதை மாடிப்படியில் ஏறிக்கொண்டே சொன்னவள் அவள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பூட்டுக்காரருக்கு அந்தப் பேர் வந்தது இப்படி. அச்சகத்தில் யாரோ ஒருவர் திரையில் நிமிஷத்துக்கு ஒரு பூப்படம் மாறும் என்று ஏதோ இலவச புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மறுநாள் காலையில் அத்தனை கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. கப்பம் கட்டினால் திறந்துவிடுவோம் என்று திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது. மிஷின்கள் ஒரு வாரம் சும்மா கிடந்தன. முதலாளியம்மா எல்லார் முன்னாலும் இவரைப் பிடித்து உலுக்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க மேலே தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. மனுஷன் சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் பூட்ட ஆரம்பித்தார். முதலில் யாரும் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி செய்தார். வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், அவர் சோதித்துப் பார்த்து பாஸ்வேர்டு அடித்து ஏற்றிக் கொடுப்பார். அடுத்ததாக, தான் ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாத புரோகிராம் எதுவும் திறக்கவே கூடாது என்று ஓர் ஏற்பாடு. அதை ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார். சொன்னவர் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "யாரா இருந்தாலும் சரி, என் பொண்டாட்டியாவே இருந்தாலும் சரி, பட்டியல்ல இல்லாதது ஓடுச்சுன்னா அந்த நிமிஷமே சீட்டை விட்டு எழுந்து வீட்டுக்குப் போயிடணும். மத்ததை முதலாளியம்மா முடிவு பண்ணுவாங்க" என்று ஒரு போடு போட்டார். எல்லாரும் திரும்பிப் புள்ளியக்காவைப் பார்த்தார்களாம். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

என்றைக்கிலிருந்து என்று தேதி மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒளித்துவிடுவார்கள் அல்லவா.

அன்று மதியம் மழை வரப்போகிற புழுக்கம். நான் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துக்கொண்டிருந்தேன். புள்ளியக்கா வந்து கதவருகே நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா, திறக்காத டப்பா.

"அக்கா, ஒரு வேலையும் இல்லாம வந்து நின்னா டீ கிடைக்குமா?"

"ஆபீஸ் நேரத்துல இங்க என்னம்மா பண்ற?"

"எழுந்து போகச் சொல்லிட்டார்."

"யாரு?"

"உங்க மேல்வீட்டுக்காரர்."

நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முன்பெல்லாம் அவளுக்கு ஒரு ஜோடி உண்டு. சரிபார்ப்பது என்றால் இரண்டு பேர் வேலை. ஒருத்தி கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்ட மூலத்தாளை உரக்க வாசிப்பாள், இன்னொருத்தி புதிதாக அடிக்கப்போகிற தாளில் விரல் வைத்துத் தொடர்வாள். எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. காற்புள்ளி, அடைப்புக்குறி, வரி முடிவு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஜோடிக்காரி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துப் புள்ளியக்காவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டு ஃபைலை அருகருகே வைத்து, மாறியிருக்கிற எழுத்தைச் சிவப்பில் காட்டுகிற புரோகிராம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். நாலு மாதமாகியும் பதில் இல்லை.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"கூடப் படிச்சவ ஒருத்தி அதைக் கொடுத்தா. இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம், ஃபோல்டரோட காப்பி பண்ணி வெச்சா ஓடும்னா. ஓடுச்சுக்கா. தங்கமா ஓடுச்சு. இன்னைக்குப் பாதித் தாள் பார்த்திருப்பேன், திரை முழுக்க ஒரு பெட்டி வந்து நிக்குது. 'இந்த புரோகிராமுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும்.' கூடவே சத்தம் வேற வருது, தீயணைப்பு வண்டி மாதிரி. ஹால் முழுக்க எட்டிப் பார்க்குது."

"நிர்வாகி வந்தாரா?"

"ஓடி வந்தார், எவன்டா மாட்டினதுன்னு. என் சீட்டைப் பார்த்ததும் பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டார். நான் சொன்னேன், 'அணுகச் சொல்லுது, அணுகிட்டேன் சார்'னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, பாதியில் அழுகையாக மாறியது.

"ஆபீஸ்ல அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம். 'மேடம், எழுந்திருங்க'ன்னார். எழுந்து வந்துட்டேன். நாளைக்கு முதலாளியம்மா வெளியூர்லேர்ந்து வர்றாங்க. பூப்படம் போட்ட ஆளை அன்னைக்கே அனுப்பினாங்க. என்னை மட்டும் வெச்சுக்குவாங்களா? எனக்கு வேற வேலை என்னக்கா தெரியும்? பொடி எழுத்தைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்."

"அந்த மனுவை வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஒரே தட்டுல சாப்பிடுற புருஷன்கிட்ட."

"கேட்க மாட்டோம்கா. ஆபீஸ் பேச்சு வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னு கல்யாணத்தப்பவே பேசி வெச்சுக்கிட்டோம். அவரும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அதனாலதான் இன்னைக்கு ஆரம்பிக்கப்போறார்னே எனக்குத் தெரியல."

இரண்டு பேரும் ரொம்ப நாணயமானவர்கள். அந்த நாணயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத்தான் புரியவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் நனைந்து வந்து மாடியேறுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மேலே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய அப்பாவின் கால்சட்டை ஒன்று இடுப்பைப் பிரித்துத் தைத்துத் தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். கால்சட்டைக்கு ஓர் அவசரமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சமையலறை மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். உருளைக்கிழங்கு சூப் ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. புள்ளியக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு ரொட்டியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் தலையைக்கூடத் துவட்டவில்லை. பெரியவர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இருமல்காரர்.

"வாம்மா, உட்காரு. இங்க ரெண்டு பேரும் ஊமையாயிட்டாங்க. நீயாவது பேசு" என்றார் பெரியவர். "இவனைச் சொல்லிக் குத்தமில்ல. நான் இவன் அம்மாவையே டிக்கெட் எடுக்கலைன்னு நடுவழில இறக்கிவிட்டவன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணு மாசம் உப்பில்லாம சாப்பிட்டேன். எதுலயும் உப்பு போடல அவ. டாக்டர்கூட ரத்த அழுத்தம் நல்லா குறைஞ்சிருக்குன்னார்."

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்? நீயே சொல்லு. அத்தனை பேரு பார்க்கறாங்க. உன்னை விட்டுட்டு நாளைக்கு இன்னொருத்தனை எப்படி எழுந்திருன்னு சொல்லுவேன்?"

"எழுப்பினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள், சுவரைப் பார்த்தே. "நாலு மாசம் என் மனுவை என்ன பண்ணீங்க? மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு நாள்ல கிடைக்குது. டிசைன்காரருக்குக் கலர் பார்க்கற புரோகிராம் வந்துச்சு. கணக்கருக்கு வந்துச்சு. வாட்ச்மேன் ரூமுக்குக்கூட வந்துச்சு."

"உன்னுதை அடியில வெச்சேன்."

"என்ன?"

"அடியில வெச்சேன்மா. உன்னுதை மொதல்ல எடுத்தா, பொண்டாட்டிக்குன்னா உடனே பண்றான் பாருன்னு நாலு பேரு பேசுவாங்க. அதனால மத்ததெல்லாம் முடியட்டும்னு வெச்சேன். புதுசு புதுசா வந்துக்கிட்டே இருந்துச்சு. உன்னுது அடியிலயே இருந்துடுச்சு."

பெரியவரே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். புள்ளியக்கா இப்போதுதான் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தக் குழந்தை மருந்துத் தாள் என்ன ஆச்சு?"

"எது?"

"நான் பாதியில விட்டுட்டு வந்தேனே. காய்ச்சல் மருந்து, குழந்தைங்களுக்கு. முன்பக்கம்தான் பார்த்தேன். பின்பக்கம் பார்க்கவே இல்ல."

"லேபிள் பார்க்கறவர்கிட்ட கொடுத்தாங்க. மிஷின் காத்துக்கிட்டிருக்குன்னு அவசரப்படுத்தினாங்க. பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுட்டார். ராத்திரி ஷிஃப்ட்ல ஏறுது."

"அவருக்கு லேபிள்தானே பழக்கம். பின்பக்கம்தாங்க அளவு இருக்கு. எந்த வயசுக்கு எவ்வளவு ஊத்தணும்னு. அந்த அட்டவணையை இந்தத் தடவை புதுசா அடிச்சிருக்காங்க." அவள் எழுந்துவிட்டாள். "நான் போய்ப் பார்க்கறேன்."

"நீ உள்ள போக முடியாது. உன் கார்டை நிறுத்தி வெச்சிருக்கு."

"யார் நிறுத்தினது?"

அவர் எழுந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஆறிய சூப்பை நான் மறுபடி அடுப்பில் வைத்தேன். அவள் ஜன்னலிலேயே நின்றாள்.

திரும்பி வந்தவர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று மூலம், ஒன்று அடிக்கப்போவது.

"தாளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

"அதை நான் இன்னும் எழுதல" என்றார். பிறகு அவளிடம், "அச்சுப் பிளேட் ரெடி. பேப்பர் அடுக்கிக்கிட்டிருக்காங்க. மிஷின்காரர் டீ குடிச்சுட்டு ஆரம்பிப்பேன்னார். புரோகிராம் இல்லாம எப்படிப் பார்ப்ப?"

"அது வர்றதுக்கு முன்னாடி எப்படிப் பார்த்தேனோ அப்படித்தான். நீங்க மூலத்தை வாசிங்க. நான் இதுல தொடர்றேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா? மாமாவுக்கு நடுவுல இருமல் வரும்."

மேசையைத் துடைத்தோம். விளக்கை இழுத்துத் தாழ்த்தி நான் பிடித்துக்கொண்டேன். அவர் வாசிக்க ஆரம்பித்தார். செய்தி வாசிக்கிற மாதிரி கடகடவென்று ஓடினார்.

"நிறுத்துங்க. குறியெல்லாம் எங்க போச்சு? காற்புள்ளி, அடைப்பு, எல்லாம் சொல்லணும். எண்ணு வந்தா ஒவ்வொரு எண்ணா. புள்ளியையும் சேர்த்து வாசிங்க."

"சரி. குழந்தைகளுக்கான அளவு, முக்காற்புள்ளி. அடுத்த வரி. மருந்தை ஊற்றுமுன் பாட்டிலை நன்றாகக் குலுக்கவும், முற்றுப்புள்ளி."

"ம்."

"அடைப்பு தொடக்கம், உடன் வரும் அளவுக்கோப்பையை மட்டும் பயன்படுத்தவும், அடைப்பு முடிவு, முற்றுப்புள்ளி."

"ம்."

கொஞ்சம் முன்புவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர். இப்போது காற்புள்ளியும் அடைப்புமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். போகப் போக அவர் குரல் நிதானப்பட்டது. அவள் விரல் அந்த நிதானத்துக்கு நகர்ந்தது. பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு வாயில் துண்டை வைத்திருந்தார்.

"அட்டவணை. முதல் கட்டம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை. ஒன்று, பூஜ்யம். மில்லி."

"ம்."

"இரண்டாம் கட்டம். ஒரு வயது முதல் ஆறு வயது வரை. ஐந்து. மில்லி."

"ம்."

"மூன்றாம் கட்டம். ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள். இரண்டு, புள்ளி, ஐந்து. மில்லி."

'ம்' வரவில்லை.

"மறுபடி சொல்லுங்க."

"இரண்டு, புள்ளி, ஐந்து."

"புள்ளி இருக்கா அங்க?"

"இருக்கே. நல்லா தெரியுது."

அவள் தன் தாளை அவர் பக்கம் திருப்பி, விரல் நகத்தை அந்த இடத்தில் வைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன். 25 மில்லி. இருபத்தைந்து. கைக்குழந்தைக்குப் பத்து மடங்கு. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சின்னக் கோப்பையில்தான் நான் ஊற்றிக் கொடுப்பேன்.

பூட்டுக்காரர் போனை எடுத்தார், அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"அண்ணே, நான்தான். மிஷினைப் போட்டுட்டீங்களா? ... இல்லையே? ... டீயா? குடிங்க, நல்லா குடிங்க, இன்னொண்ணு வாங்கிக் குடிங்க! அந்தக் குழந்தைத் தாளை மட்டும் ஏத்தாதீங்க. பிளேட்டைக் கழட்டிடுங்க. ... ஆமா, நான் சொல்றேன். ... தப்பு இருக்கு. ... அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே சரிந்தார். புள்ளியக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் எழுந்து போய் அவள் தோளில் கைவைத்தார். நனைந்த சட்டை, அவள் முதுகெல்லாம் ஈரம். தள்ளிவிடவில்லை அவள். பெரியவர் அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் ஒரே மூச்சில் இருமித் தீர்த்தார். நாங்கள் எல்லாரும் ஏனோ சிரித்தோம், கண்ணில் நீர் வர. பிறகுதான் சூப் நினைவு வந்தது. அடி பிடித்திருந்தது. அதைத்தான் சாப்பிட்டோம், நானும் சாப்பிட்டேன்.

ஆனால் அவள் வேலை என்ன ஆகும் என்பது அப்படியே நின்றது. மறுநாள் என்ன நடந்தது என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியுமுன்பே அவர் அச்சகத்துக்குப் போய், எதனோடும் இணைக்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அவள் கொண்டுவந்த ஃபோல்டரைப் போட்டுப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கிற புரோகிராம் பழுதில்லாததுதான். ஆனால் அதன் முதுகில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து விழித்துக்கொள்கிற வகை. பூப்படத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அந்தப் பெட்டி வந்து மறிக்காமல் இருந்திருந்தால் மறுபடி அச்சகமே பூட்டிக்கொண்டிருக்கும்.

முதலாளியம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். புள்ளியக்கா, "நான் கொண்டுவந்தது தப்புதான்மா. கூட என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரியாததைக் கொண்டுவந்ததே தப்பு" என்றாள். பூட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஒட்டிக்கொண்டு வந்ததையும் சொன்னார், அடியில் வைத்ததையும் சொன்னார், புள்ளியையும் சொன்னார்.

"வேற யாராவது கேட்டிருந்தா எப்ப கொடுத்திருப்பீங்க?" என்று கேட்டாராம் முதலாளியம்மா.

"ரெண்டு நாள்ல."

"அப்ப உங்களுக்குப் பொண்டாட்டியா இருக்கறது என் கம்பெனியில ஒரு குத்தமா?"

பதிலுக்குக் காத்திராமல் முதலாளியம்மாவே சொன்னாராம்: "பூட்டு இருக்கட்டும். அது இல்லாம பட்டது போதும். ஆனா இனிமே யார் மனுவும் ஒரு வாரத்துக்கு மேல உங்ககிட்ட தூங்கக் கூடாது. தூங்கினா, அந்த புரோகிராம் செய்ற வேலையை நீங்க வந்து பக்கத்துல உட்கார்ந்து செய்யணும். வாயால வாசிக்கணும்னா வாசிங்க, கையால எண்ணணும்னா எண்ணுங்க. இந்தம்மா இன்னைக்கே சீட்டுக்குப் போகட்டும். அந்தத் தாளை மறுபடி பார்த்துட்டுத்தான் மிஷின் ஓடணும்."

அவ்வளவுதான். அவள் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டாளாம்.

அந்த புரோகிராமைச் செய்தவர்களிடமிருந்தே நல்ல பிரதியை வரவழைத்து, சோதித்து, பட்டியலில் சேர்த்து, அவரே அவள் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்தார். ஹால் முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"மேடம், பாஸ்வேர்டு அடிக்கணும். கொஞ்சம் திரும்பிக்கங்க."

அவள் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, "போதுமா சார்?" என்றாள். ஹால் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டாராம். சிரித்ததில் பாஸ்வேர்டு தப்பாகி மறுபடி அடித்தாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவள் அதே மாதிரி கண்ணை மூடிக் காட்டினாள்.

இப்போது மனுவெல்லாம் பறக்கிறது. கணக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எண்ணுவதற்கு யாருக்குப் பிடிக்கும்? வாசப்படி ஒப்பந்தமும் காற்றில் போய்விட்டது. தினம் சாயங்காலம் அச்சகக் கதை முழுவதும் என் தலைக்கு மேலே ஓடுகிறது. நானும் தைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பெரியவருக்கு இருமல் முற்றி டாக்டர் புது மருந்து எழுதிக் கொடுத்தார். மேலே பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்து மடித்த தாளைப் பிரிக்கிற சரசரப்பு. பிறகு பூட்டுக்காரர் குரல்.

"பெரியவர்களுக்கான அளவு, முக்காற்புள்ளி. அடுத்த வரி."

"மெதுவா" என்றது அவள் குரல். "புள்ளியையும் சேர்த்து வாசிங்க."

"ஒரு வேளைக்கு, காற்புள்ளி, ஏழு, புள்ளி, ஐந்து, மில்லி. அடைப்பு தொடக்கம்..."

"டேய்" என்று கத்தினார் பெரியவர். "எனக்கு இருமலே நின்னுடுச்சு. மருந்தைக் கொடுக்கறதுன்னா கொடு, இல்லன்னா விளக்கை அணை."

பூட்டுக்காரர் நிறுத்தவில்லை. முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் ஊற்றிக் கொடுத்தார்.